அணையாத உலை: தென் கொரியா ஆயுதம் விற்கும் நாடான கதை

கேட்டது இரண்டு கேள்வி. தென் கொரியா உலக ஆயுதச் சந்தையில் திடீரென்று எப்படி இவ்வளவு பெரிய ஆளானது, சரக்கு மலிவு என்பதாலா? ஆவடியில் 1960களிலிருந்து டாங்கி செய்துவரும் நாம், அர்ஜுன் டாங்கியை ஏன் ஒரு நாட்டுக்கும் விற்க முடியவில்லை?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: விலையும் ஒரு காரணம்தான், ஆனால் கொரியர்கள் உண்மையில் விற்றது நேரத்தை. மற்றவர்கள் "ஐந்து வருஷம் பொறுங்கள்" என்று சொன்னபோது அவர்கள் "நான்கு மாதத்தில் கப்பல் வரும்" என்றார்கள். சொன்னபடி வந்தது. இது எப்படி முடிந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2022 டிசம்பர் 6. போலந்தின் கிடினியா துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நிற்கிறது. பத்து கே2 டாங்கிகளும், வண்டியாகத் தானே ஓடும் இருபத்து நான்கு கே9 பீரங்கிகளும் இறங்குகின்றன. ஜனாதிபதி துடாவே நேரில் வந்து வரவேற்கிறார். ஒப்பந்தம் எப்போது கையெழுத்தானது தெரியுமா? அதே ஆண்டு ஆகஸ்ட் 26. இடையில் நூறு நாள் சொச்சம். 180 டாங்கிகளுக்கு 337 கோடி டாலர், 212 பீரங்கிகளுக்கு 240 கோடி டாலர் என்று போட்ட ஒப்பந்தத்தின் முதல் தவணை அது.

இதன் பக்கத்தில் இன்னொரு கணக்கை வைத்துப் பாருங்கள். ஹங்கேரி 2018 டிசம்பரில் ஜெர்மனியிடம் 44 புதிய லெப்பர்டு டாங்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. முதல் வண்டி வந்து சேர 2023 ஆனது. ஜெர்மன்காரர்கள் சோம்பேறிகள் என்று அர்த்தமில்லை. லெப்பர்டு அருமையான வண்டி. ஆனால் அதைச் செய்யும் பட்டறை கிட்டத்தட்ட கைவேலை மாதிரி, வருஷத்துக்குச் சில டஜன் என்ற அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது.

போலந்துக்கு அவசரம் இருந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும், தன்னிடமிருந்த பழைய டி-72 டாங்கிகளில் இருநூறுக்கும் மேல் தூக்கி உக்ரைனுக்குக் கொடுத்துவிட்டது. தன் கிராப் பீரங்கிகளிலும் ஒரு பங்கைக் கொடுத்தது. கொட்டகை காலி. எல்லைக்கு அந்தப் பக்கம் பெலாரஸ், வடக்கே ரஷ்யாவின் காலினின்கிராட். இந்த நிலையில் இருப்பவரிடம் "2027இல் தருகிறோம்" என்றால் காதில் ஏறுமா?

அந்தக் கப்பலில் வந்தவை போலந்துக்கென்று தொடங்கிச் செய்தவை அல்ல. கொரிய ராணுவத்துக்காக ஓடிக்கொண்டிருந்த வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தவை. கொரிய ராணுவம் வரிசையில் ஓரடி பின்னால் போய் நின்றுகொண்டது. வீட்டுப் பிள்ளைக்குத் தைத்து வைத்த தீபாவளிச் சட்டையை, அவசரமாக வந்த விருந்தாளிப் பிள்ளைக்குப் போட்டு அனுப்புகிற மாதிரி. அப்படிச் செய்ய இரண்டு விஷயம் வேண்டும். வீட்டில் எப்போதும் தையல் நடந்துகொண்டிருக்க வேண்டும். அடுத்த சட்டை சீக்கிரம் வரும் என்ற நம்பிக்கையும் வேண்டும். கொரியாவிடம் இரண்டும் இருந்தன.

ஏன் இருந்தன? 1991இல் சோவியத் யூனியன் உடைந்ததும் ஐரோப்பா "இனிமேல் பெரிய சண்டை இல்லை" என்று முடிவு கட்டியது. இரண்டாயிரத்துக்கு மேல் லெப்பர்டு-2 வைத்திருந்த ஜெர்மனி, முந்நூறு சொச்சத்துக்கு இறங்கியது. பீரங்கிக் குண்டு செய்யும் ஆலைகள் மூடப்பட்டன, அல்லது தூங்கவிடப்பட்டன. கொரியாவுக்கு அந்தச் சொகுசு கிடையாது. 1953இல் அங்கே கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டும்தான், சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. சுமார் 250 கிலோமீட்டர் எல்லை, அதிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் தலைநகர் சியோல். வடக்கின் பீரங்கி எட்டும் தூரத்தில் ஒரு கோடிப் பேர் வாழ்கிற நகரம். அதனால் டாங்கியும் பீரங்கியும் "பழைய காலத்து ஆயுதம்" என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த முப்பது வருஷமும் கொரியா அவற்றைச் செய்துகொண்டே இருந்தது. கே9 பீரங்கி மட்டும் அவர்கள் ராணுவத்திலேயே ஆயிரத்துக்கு மேல் உண்டு.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு லேத் பட்டறையை இரண்டு வருஷம் பூட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். மெஷினுக்கு எண்ணெய் போட்டு ஓட்டிவிடலாம். ஆனால் அந்த மெஷினின் குணம் தெரிந்த ஆள் வேறு எங்கோ போயிருப்பார். வார்ப்பு கொடுத்தவர் தொழிலையே மாற்றியிருப்பார். பற்றவைப்பில் கனத்த இரும்புத் தகடு எந்த இடத்தில் கோணும் என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது, ஒருவர் கையில் இருக்கும். ஆயுதத் தொழிலில் இதுதான் மூலதனம். கொரியா அந்த உலையை அணையவிடவில்லை. சந்தை தலைகீழானபோது எரிகிற அடுப்பு இருந்த கடை அதுதான்.

சரி, அந்த அடுப்பைப் பற்றவைத்தது எப்போது, எப்படி?

1950 ஜூன் 25இல் வடகொரியா ரஷ்ய டி-34 டாங்கிகளோடு இறங்கியபோது தெற்கிடம் ஒரு டாங்கிகூட இல்லை. அதன்பின் இருபது வருஷம் அமெரிக்கா கொடுத்ததை வைத்தே காலம் ஓடியது. பயம் பிடித்தது 1960களின் கடைசியில். 1968 ஜனவரி 21 அன்று வடகொரியக் கமாண்டோக்கள் ஜனாதிபதி மாளிகைக்கு மிக அருகே வரை வந்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து ப்யூப்லோ என்ற அமெரிக்க உளவுக் கப்பலையே வடகொரியா பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷம் நிக்சன், ஆசிய நாடுகள் தங்கள் பாதுகாப்பை முதலில் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். 1971இல் அமெரிக்காவின் ஏழாவது காலாட்படைப் பிரிவு, சுமார் இருபதாயிரம் பேர், கொரியாவை விட்டுக் கிளம்பியது.

ஜனாதிபதி பார்க் சுங் ஹீ 1970 ஆகஸ்டில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1971 நவம்பரில் அதற்கு ஒரு கட்டளை: துப்பாக்கி, மோர்ட்டார் போன்ற அடிப்படை ஆயுதங்களின் மாதிரிகள் வருஷக் கடைசிக்குள் என் மேஜைக்கு வரவேண்டும். அதற்கு "மின்னல் திட்டம்" என்றே பெயர். வரைபடமில்லை, தொழில்நுட்ப உதவியில்லை. அமெரிக்க ஆயுதங்களைப் பிரித்துப் போட்டு, அளந்து, அதே மாதிரி செய்தார்கள். முதல் மாதிரிகள் சுமாராகத்தான் இருந்தன. ஆனால் செய்யப் பழகினார்கள். பின்னர் கோல்ட் நிறுவனத்தின் லைசென்ஸில் எம்16 துப்பாக்கி ஆலை வந்தது. 1974இல் சாங்வோன் தொழில்நகர் தொடங்கியது. 1975இல் மக்கள்மேல் தனியாகப் பாதுகாப்பு வரியே போட்டார்கள். அது 1990வரை நீடித்தது. ஆயுதத் தொழிலைக் கனரகத் தொழிலோடு பின்னியதுதான் பார்க்கின் சாமர்த்தியம். டாங்கி செய்யும் கம்பெனியே ரயில்பெட்டியும் செய்யும். ஆர்டர் குறைந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பாமல் அடுத்த ஷெட்டுக்கு அனுப்பலாம். இன்று கே2 செய்யும் ஹுண்டாய் ரோடெம் புறநகர் ரயிலும் செய்கிறது. (பார்க் ஒரு சர்வாதிகாரி என்பதையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேகத்தின் விலையை அந்த ஊர்த் தொழிலாளிகள் கொடுத்தார்கள்.)

முதல் ஏற்றுமதி 1975இல். பிலிப்பைன்ஸுக்குத் துப்பாக்கித் தோட்டா, மொத்தம் 4.7 லட்சம் டாலர் போல. 2022இல் ஒப்பந்தம் போட்ட தொகை 1,730 கோடி டாலர்.

இடைப்பட்ட காலத்தில் அவர்கள் கற்றுக்கொண்ட விதம் எனக்குப் பிடித்த பகுதி. யாரிடமும் வெட்கப்படாமல் கற்றார்கள். கே1 டாங்கியை வடிவமைத்துக் கொடுத்தது அமெரிக்கக் கிறைஸ்லர் கம்பெனியின் ராணுவப் பிரிவு. முதல் நீர்மூழ்கியை ஜெர்மனியின் கீல் நகரில் கட்டச்சொல்லி, அருகிலிருந்து பார்த்துப் பழகி, அடுத்தவற்றைத் தங்கள் கப்பல்கட்டும் தளத்தில் கட்டினார்கள். இருபது வருஷம் கழித்து, 2011இல், இந்தோனேசியாவுக்கு மூன்று நீர்மூழ்கிகள் விற்றார்கள்.

ரஷ்யாவிடம் கற்ற கதை இன்னும் சுவாரசியம். சோவியத் யூனியனோடு உறவு ஏற்பட்ட புதிதில், 1991இல், கொரியா அதற்கு 147 கோடி டாலர் கடன் கொடுத்தது. அந்த ஆண்டே கடன்காரர் காணாமல் போனார். வாரிசான ரஷ்யாவிடம் பணமில்லை. "பணத்துக்குப் பதில் சரக்காக எடுத்துக்கொள்கிறீர்களா?" என்றது. அப்படித்தான் அமெரிக்க நட்பு நாடான தென் கொரியாவின் ராணுவத்துக்குள் ரஷ்ய டி-80 டாங்கிகளும் காலாட்படையை ஏற்றிச்செல்லும் பிஎம்பி-3 கவச வண்டிகளும் வந்து நின்றன. எதிரி வைத்திருக்கும் பாணி ஆயுதத்தைப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? கொஞ்சம் பிற்பாடு, ரஷ்யாவின் அல்மாஸ் நிறுவன உதவியோடு சொந்த வான்பாதுகாப்பு ஏவுகணையை உருவாக்கத் தொடங்கினார்கள். அதுதான் சோங்குங். அதன் இரண்டாம் வடிவத்தை 2022 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகம் 350 கோடி டாலருக்கு வாங்கியது. பிறகு சவூதி, பிறகு ஈராக்.

கே9 பீரங்கியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் கொரியா சந்தைக்கு ஏற்ப வளைந்த விதம் முழுவதும் அதில் இருக்கிறது. 1989இல் வேலை தொடங்கி 1998இல் முடிந்தது. 155 மில்லிமீட்டர் குழல், சங்கிலிச் சக்கரத்தில் ஓடும் வண்டி, 1,000 குதிரைசக்தி ஜெர்மன் இன்ஜின். காகிதத்தில் பிரமாதம். 2010 நவம்பர் 23 அன்று நிஜச் சோதனை வந்தது. வடகொரியா யோன்பியோங் தீவின்மேல் குண்டு மழை பொழிந்தது. தீவில் ஆறு கே9 இருந்தன. பதிலடி தொடங்கவே பதின்மூன்று நிமிஷம் ஆனது. எல்லாப் பீரங்கியும் சுடும் நிலையில் இல்லை. மொத்தம் எண்பது குண்டு திருப்பிச் சுட்டார்கள். இரண்டு வீரர்களும் இரண்டு பொதுமக்களும் இறந்தார்கள். நாடே கொந்தளித்தது. ஆனால் விற்பனை என்ற கோணத்தில் பார்த்தால், சொந்த ராணுவத்தின் கையில் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடி, சண்டையில் அடிபட்டு, குறை தெரிந்து சரிசெய்யப்பட்ட சரக்கு இது. கண்காட்சியில் பளபளவென்று நிற்கும் சரக்கைவிட வாங்குபவர்கள் இதைத்தான் நம்புவார்கள்.

விற்ற விதம் இன்னும் முக்கியம். துருக்கிக்கு 2001இல் விற்றபோது முழு வண்டியாக விற்கவில்லை. தொழில்நுட்பத்தைக் கொடுத்தார்கள். துருக்கி அதை ஃபிர்டினா என்று பெயர் வைத்துத் தானே செய்தது. பின்லாந்துக்குப் பழைய வண்டிகளைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள், 48 வண்டி. "புதுசு வாங்கப் பணமில்லையா, பரவாயில்லை, எங்கள் ராணுவம் ஓட்டியது இருக்கிறது." நார்வே, எஸ்தோனியா, ஆஸ்திரேலியா, எகிப்து, ருமேனியா என்று பட்டியல் நீண்டது. ஆஸ்திரேலியாவுக்காக ஜீலாங் நகரில் ஆலையே கட்டினார்கள்.

போலந்து உறவும் 2022இல் வானத்திலிருந்து குதித்ததல்ல. போலந்து தன் கிராப் பீரங்கிக்கு, குழலைத் தாங்கும் பிரிட்டிஷ் கோபுரத்தை உள்ளூர் அடிச்சட்டத்தின்மேல் பொருத்தியது. அடிச்சட்டத்தில் விரிசல் விழுந்தது. வேறு வழி தேடி 2014இல் கே9-இன் அடிச்சட்டத்தை வாங்கினார்கள். ஆக 2022இல் போன் அடித்தபோது, போலந்து மெக்கானிக்குகளுக்கு அந்த வண்டியின் பாதி ஏற்கெனவே தெரியும்.

இந்தியாவில் ஓடும் கே9 வஜ்ராவும் இதே குடும்பம்தான். 2017இல் நூறு பீரங்கிக்கு ஒப்பந்தம். எல் அண்ட் டி நிறுவனம் குஜராத்தின் ஹசீராவில் செய்தது. பாலைவனத்துக்கென்று வாங்கியது, 2020க்குப் பிறகு லடாக்கின் குளிரிலும் போய் நின்றது. 2024 டிசம்பரில் இன்னொரு நூறுக்கு, சுமார் 7,600 கோடி ரூபாய்க்கு, ஆர்டர் கொடுத்தோம்.

கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. கே9-ஐ உருவாக்கியது சாம்சங் என்றால் பலரும் நம்பமாட்டார்கள். செல்போன் விற்கும் கம்பெனிக்கு பீரங்கி ஒரு சின்ன ஓரத் தொழில். 2014-15இல் சாம்சங் அதை ஹன்வா குழுமத்துக்கு விற்றுவிட்டுக் கழன்றுகொண்டது. ஹன்வா 1952இல் வெடிமருந்து செய்யத் தொடங்கிய கம்பெனி. அதற்கு இது ஓரத் தொழிலல்ல, உயிர்த்தொழில். பிறகு 2023இல் டேவூ கப்பல்கட்டும் நிறுவனத்தையும் வாங்கியது. விமானத் துறையில் இந்த இணைப்பு முன்பே நடந்தது. 1997 நிதி நெருக்கடியில் சாம்சங், டேவூ, ஹுண்டாய் மூன்றின் விமானப் பிரிவுகளும் மூச்சுத் திணறியபோது, 1999இல் அவற்றைச் சேர்த்து காய் என்ற ஒரே கம்பெனியாக்கினார்கள். போலந்து 48 எஃப்ஏ-50 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது அந்தக் கம்பெனியிடம்தான். உள்ளூரில் மூன்று பேர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதைவிட வெளியூரில் ஒருவர் நிற்கட்டும் என்ற கணக்கு. உள்ளூர் ராணுவத்துக்கு விலை கூடும் ஆபத்து இதில் உண்டு, அதைத் தெரிந்தே எடுத்த முடிவு.

அப்புறம் பணம். பேச்சில் யாரும் சொல்லாத, ஆனால் ஒப்பந்தங்களைப் பிடித்து நிறுத்துகிற விஷயம் இது. போலந்து ரொக்கமாகக் கொடுத்து வாங்கவில்லை. விற்கிற நாடே கடனும் கொடுக்க வேண்டும். வீட்டு உபயோகப் பொருள் கடையில் தவணைக்குக் கொடுப்பது போலத்தான், தொகை மட்டும் பல லட்சம் கோடி வொன். கொரிய ஏற்றுமதி-இறக்குமதி வங்கிக்குச் சட்டப்படி ஒரு வரம்பு இருந்தது. ஒரே வாடிக்கையாளருக்குத் தன் மூலதனத்தில் 40 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. முதல் ஒப்பந்தங்களிலேயே அந்த வரம்பு நெருங்கிவிட்டது. இரண்டாம் கட்ட ஒப்பந்தம் அப்படியே நின்றது. 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி வங்கியின் மூலதன உச்சவரம்பை 15 லட்சம் கோடி வொன்னிலிருந்து 25 லட்சம் கோடியாக உயர்த்தியது. அதற்குள் போலந்தில் ஆட்சி மாறியிருந்தது, புது ஆட்சி கணக்கைத் திரும்பப் பார்த்தது. கடைசியில் 2025 ஆகஸ்டில்தான் அடுத்த 180 டாங்கிகளுக்கு, 650 கோடி டாலருக்கு, கையெழுத்தானது. அதில் ஒரு பங்கை போலந்தின் கிலிவிட்சே நகரிலேயே பாகம் சேர்த்துச் செய்யப்போகிறார்கள். முதல் 180க்கும் இரண்டாவது 180க்கும் இடையே விலை இரட்டிப்பு மாதிரி தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். வண்டி மட்டுமல்ல, ஆலையும் பழுதுபார்க்கும் வண்டிகளும் பயிற்சியும் சேர்ந்த மொத்த விலை அது. எண்ணிக்கையை மட்டும் வகுத்துப் பார்த்து "ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

கொரியாவைப் புகழ்ந்துகொண்டே போனால் கதை பாதிதான். அவர்களுக்கும் தொண்டையில் மாட்டிய முள் இருக்கிறது. அதன் பெயர் இன்ஜின்.

கே2-க்குச் சொந்தமாக 1,500 குதிரைசக்தி இன்ஜினும் கியர்பாக்ஸும் செய்வதாகத் திட்டம். இன்ஜின் தேறியது. கியர்பாக்ஸ், ராணுவம் கேட்ட 9,600 கிலோமீட்டர் தாங்குதிறன் சோதனையை முடிக்கவில்லை. சரியென்று கொரிய இன்ஜினோடு ஜெர்மன் கியர்பாக்ஸைச் சேர்த்து ஓட்டினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், துருக்கி தன் அல்தாய் டாங்கிக்கு ஜெர்மன் இன்ஜினை நம்பியிருந்தது. அரசியல் காரணத்தால் ஜெர்மனி தரவில்லை. துருக்கி வேறு வழியில்லாமல் கொரிய இன்ஜினையும், சொந்த வீட்டில் தேறாத அதே கம்பெனியின் கியர்பாக்ஸையும் வாங்கிப் பொருத்தியது. சந்தையில் ஒருவருக்கு இல்லையென்று ஆன பொருள் இன்னொருவருக்கு அமிர்தம்.

பிறர் பாகம் உள்ளே இருந்தால் பிறர் அனுமதியும் வேண்டும். அர்ஜென்டினா எஃப்ஏ-50 விமானம் வாங்க வந்தபோது, உள்ளே பிரிட்டிஷ் பாகங்கள் இருந்ததால் வியாபாரம் படுத்துவிட்டது. பால்க்லாந்துச் சண்டை 1982இல் முடிந்தது. அதன் நிழல் 2020இல் கொரிய விமானத்தின்மேல் விழுந்தது. ஏவுகணையில் இன்னும் கடுமை. 1979இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி 180 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஏவுகணை செய்யக் கூடாது. அது படிப்படியாகத் தளர்ந்து முழுதும் நீங்கியது 2021 மே மாதத்தில்.

இன்னொரு பலவீனம், ஒரே கடையில் கணக்கு. ஸ்டாக்ஹோம் அமைதி ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 2020-24இல் கொரியா ஏற்றுமதி செய்த ஆயுதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு, 46 சதவீதம், போலந்துக்கு. உலக மொத்தத்தில் கொரியாவின் பங்கு 2.2 சதவீதம்தான், பத்தாவது இடம். அமெரிக்கா 43 சதவீதத்தோடு எங்கோ நிற்கிறது. ரஷ்யாவின் ஏற்றுமதி, அதற்கு முந்தைய ஐந்தாண்டோடு ஒப்பிட்டால், 64 சதவீதம் விழுந்திருக்கிறது. அந்த இடத்தை யார் பிடிப்பது என்பதில்தான் இப்போது போட்டி. பிரான்ஸும் துருக்கியும் அதே வாசலில் நிற்கின்றன.

வேகம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகவும் இல்லை. நார்வே பனியில் கே2-வையும் லெப்பர்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு 2023 பிப்ரவரியில் 54 லெப்பர்டு வாங்கியது. பக்கத்து நாடுகளெல்லாம் லெப்பர்டு வைத்திருக்கும்போது, உதிரிபாகமும் பயிற்சியும் பகிர்ந்துகொள்வது சௌகரியம். ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் ஆயுதம் வாங்க 15,000 கோடி யூரோ கடன் திட்டம் கொண்டுவந்தது. அந்தப் பணத்தில் வாங்கும் பொருளின் மதிப்பில் 65 சதவீதம் ஐரோப்பாவிலும் அதன் கூட்டு நாடுகளிலும் செய்ததாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அணைந்த அடுப்பை அவர்களும் பற்றவைக்கிறார்கள். அவை சூடேற எத்தனை வருஷம் ஆகுமோ, கொரியாவுக்கு அத்தனை வருஷம் இருக்கிறது. போலந்தில் ஆலை, ருமேனியாவில் ஆலை என்று அவர்கள் இப்போது ஓடுவது அதனால்தான். வெளியாள் முத்திரை விழுவதற்குள் உள்ளூர் ஆளாகிவிட வேண்டும்.

இனி ஆவடி. அர்ஜுன் திட்டம் தொடங்கியது 1974இல், அதாவது சாங்வோன் தொடங்கிய அதே வருஷம். இந்தியாவின் பொறியாளர்கள் குறைந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அர்ஜுன் ஓட்டிய வீரர்கள் அதன் சுடும் துல்லியத்தைப் பாராட்டியே பேசுகிறார்கள். வித்தியாசம் ஆர்டரில். கொரிய ராணுவம் தன் கே1 வரிசையை மட்டும் சுமார் 1,500 வாங்கியது. நம் ராணுவம் அர்ஜுனை முதலில் 124 வாங்கியது. அடுத்த 118க்கு ஆர்டர் வந்தது 2021 செப்டம்பரில். இடையில் அதே ஆவடியில் ரஷ்ய லைசென்ஸில் டி-90 நூற்றுக்கணக்கில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. அர்ஜுனின் எடை, பாலங்கள், ரயில் வண்டியில் ஏற்றும் சிக்கல் என்று ராணுவம் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. ஆனால் 124க்காக எந்த சப்ளையர் தனி அச்சு செய்து வைத்திருப்பார்? அர்ஜுனுக்கும் இன்ஜின் ஜெர்மனியிலிருந்துதான், அங்கே அந்த ரக இன்ஜின் உற்பத்தி நின்றுபோனதால் இங்கே 118 வண்டியும் காத்திருக்க நேர்ந்தது. சொந்த ராணுவமே தயங்கும் டாங்கியை வெளிநாட்டுக்காரர் வாங்க மாட்டார். அவர் கேட்கும் முதல் கேள்வியே "உங்களிடம் எத்தனை ஓடுகிறது?" என்பதுதான்.

பிரம்மோஸ் ஏவுகணை விற்றதற்குக் காரணமும் இதேதான். நம் முப்படையும் அதை வைத்திருக்கிறது, தொடர்ந்து வாங்குகிறது. 2022 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் சுமார் 37.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது, 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. நம் மொத்த ராணுவ ஏற்றுமதி 2013-14இல் 686 கோடி ரூபாய், 2024-25இல் 23,622 கோடி. வளர்ச்சி உண்மை. அதில் பெரும்பங்கு பாகங்களும் குண்டுகளும்தான், முழு வண்டிகள் குறைவு. அதை நான் இழிவாகப் பார்க்கவில்லை. கொரியாவும் தோட்டாவில்தான் தொடங்கியது. 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவை, ஓசூர், சேலம் பட்டறைகள் சேர்ந்திருக்கின்றன. அங்கே தெரிந்தவர் ஒருவர் டாங்கிக்கான ஒரு பாகம் செய்தார். சோதனை, தரச்சான்று எல்லாம் முடிய மூன்று வருஷம், ஆர்டர் நாற்பது உருப்படி, அதன்பின் போனே வரவில்லை. அந்தப் பாகத்தைப் பிடித்து நிறுத்தச் செய்த ஃபிக்ஸ்ச்சர் இன்னும் அவர் பட்டறை மூலையில், மேலே ஒரு சாக்கு போர்த்தி, நிற்கிறது.

2021 அக்டோபரில் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். டாங்கிக் கம்பெனிக்குத் தலைமையகம் ஆவடி. நிர்வாகம் மாறியது நல்லதுதான். ஆனால் பெயர்ப்பலகையால் அடுப்பு எரியாது, விறகு ஆர்டர்தான். ஹசீராவில் முதல் நூறு வஜ்ராவில் கடைசி வண்டி 2021 பிப்ரவரியில் வெளியே வந்தது, அதுவும் கெடுவுக்கு முன்பே. அடுத்த நூறுக்குக் கையெழுத்து 2024 டிசம்பர் 20இல். இடையில் கிட்டத்தட்ட நான்கு வருஷம். சோராவர் என்ற இலகு டாங்கியின் மாதிரி அதே இடத்தில் உருவானதால் ஷெட் முழுக்க இருட்டாகவில்லை. இருந்தாலும் முதல் நூறைப் பற்றவைத்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது நூறுக்கும் அதே கையோடு அங்கே இருக்கிறார்கள் என்று, கொரியாவிலிருந்து வரும் பொறியாளர் முதல் நாளே கேட்பார்.